ஆளுக்கொரு சுவர்

கம்ப்யூட்டர் திரையில் நீங்கள் வரைகிற கேரவனுக்குள் ஒரு மனித உருவத்தை நிறுத்திப் பார்ப்பீர்கள் அல்லவா? சாம்பல் நிறத்தில், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்பாரே, அவரை நம்பாதீர்கள். அவருக்கு முழங்கை கிடையாது. தொந்தி கிடையாது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் புழுங்குகிறது என்று சட்டையைக் கழற்றி எங்கே மாட்டுவது என்று தேட மாட்டார். முக்கியமாக, அவருக்குப் பெண்டாட்டி இல்லை.

நம் பட்டறையில் நான் சேர்ந்தபோது லாரிக்குத்தான் பாடி கட்டிக்கொண்டிருந்தோம். உப்பு லாரி, மீன் ஏற்றுகிற பெட்டி வண்டி, துறைமுகத்துக்குள் ஓடுகிற டிரெய்லர். அது நிம்மதியான காலம். எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது என்று உப்பு மூட்டை எந்நாளும் கேட்டதில்லை. பிறகு வேனுக்குள் வீடு கட்டுகிற தொழில் வந்தது. மனிதர்கள் உள்ளே வந்தார்கள். வரைபடம் போடத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது. வீட்டுக்கு வீடு டீச்சர் இருக்கிற நாசரேத்துக்காரி என்பதால் எல்லோரும் என்னை டீச்சர் என்றே நினைப்பார்கள். எங்கள் வீட்டில் டீச்சர் ஆகாமல் தப்பித்த ஒரே ஆள் நான்தான். ஆனாலும் முதலாளி அண்ணாச்சி, நான் ஓய்வு பெறுகிறவரைக்கும் "டீச்சரம்மா" என்றே கூப்பிட்டார், கோபம் வரும்போது மட்டும்.

போன வாரம் அந்த அண்ணாச்சி போன் செய்தார். "டிசைனுக்குப் புதுசா பிள்ளைங்க வந்திருக்கு. ஓய்வெடுத்துக்கிட்டு சும்மாத்தானே இருக்கே? உன் அனுபவத்துல நாலு நல்லதா எழுதிக் குடு" என்றார்.

"பெரியதாழைக் கதையை எழுதட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டார். ஆகவே அதைத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். விஷயம் பட்டறைக்குள்ளேயே இருக்கட்டும்.

மொகுதூம் காக்கா காயல்பட்டினத்துக்காரர். குவைத்தில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் ஸ்டோர் பார்த்துவிட்டு, மொத்தமாக ஊர் திரும்பியவர். இடுப்பில் வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. அவரோடு அவர் மனைவி ஆமினா லாத்தா வந்திருந்தார்கள். காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன், லாத்தா என்றால் அக்கா. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

காக்கா கேட்டது சின்ன வேன். காயல்பட்டினத்துச் சந்தில் திரும்ப வேண்டுமே! ஆனால் அந்தச் சின்ன வேனுக்குள் ஆறு பேர் படுக்க வேண்டும். பெரிய கட்டில் வேண்டும். ஷவர் வேண்டும். கேக் சுடுகிற ஓவன், துணி துவைக்கிற மெஷின், பட்டனை அமுக்கினால் அலமாரிக்குள்ளிருந்து எழும்பி வருகிற டி.வி., கூரைமேல் ஒரு கூடாரம். ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி, "போட்டுருவோம், போட்டுருவோம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கேட்டதை எல்லாம் போட்டால் வண்டி எடை தாங்காமல் அச்சை முறித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்பது அண்ணாச்சிக்கும் தெரியும். ஆனால் அந்தத் தகவலை வாடிக்கையாளரிடம் சொல்வது என் வேலை என்று வைத்திருந்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். "ஆறு பேர் படுக்கணும்" என்று ஒருவர் சொன்னால், இரண்டு பேர் படுப்பார்கள், நாலு பேர் ஆசையில் படுப்பார்கள் என்று பொருள். "பெரிய கிச்சன் வேணும்" என்றால் டீ போடுவார்கள். "புத்தக அலமாரி வேணும்" என்று சாத்தான்குளத்து வாத்தியார் ஒருவர் ஒற்றைக்காலில் நின்றார். போட்டுக் கொடுத்தோம். முதல் ஸ்பீடு பிரேக்கரில் அத்தனை புத்தகங்களும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

"எதுக்குக் காக்கா இவ்வளவு சாமான்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். லாத்தா சுவரில் மாட்டியிருந்த வண்டிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காக்கா குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, எங்க ஊர்ல கல்யாணம் ஆனா மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்குப் போவான். வீடு அவ பேருல. அங்க போனா இன்னைக்கும் நான் மாப்பிள்ளதான். குவைத்துல இருந்தது கம்பெனி ரூமு. எனக்குன்னு நான் கட்டுத முதல் வீடு இதுதான். ஒண்ணையும் குறைச்சிராதீங்க."

இதைக் கேட்ட பிறகு ஓவன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? லாத்தாவிடம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும் லாத்தா?" என்றேன்.

"அவங்க இஷ்டம்" என்றார்கள்.

பிள்ளைகளே, "அவங்க இஷ்டம்" என்ற வார்த்தையைக் கேட்டால் பேனாவை மூடி வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வரைகிற எந்தக் கோடும் நிற்காது.

நான் பேனாவுக்குப் பதிலாகச் சாக்பீஸ் எடுத்தேன். பட்டறைத் தரையில் அந்த வேன் என்ன அளவோ அதே அளவுக்குக் கோடு போட்டேன். அடுப்புக்கு ஒரு ஸ்டூல், கழிப்பறைக்கு நாலு பிளைவுட் பலகை, கட்டிலுக்கு இரண்டு பெஞ்சு. இருவரையும் உள்ளே நிறுத்தினேன். "இதுதான் உங்க வண்டி. இதுக்குள்ள டீ போடுங்க. கோட்டைத் தாண்டினா வண்டிக்கு வெளிய விழுந்துட்டீங்கன்னு அர்த்தம்."

காக்காவுக்கு இது விளையாட்டாக இருந்தது. லாத்தா முந்தானையைத் தலைக்கு மேல் சரிசெய்துகொண்டு, இல்லாத அடுப்பில் இல்லாத பாத்திரத்தை வைத்தார்கள்.

"காக்கா, லாத்தா அடுப்புக்கிட்ட நிக்காங்க. இப்ப நீங்க பாத்ரூமுக்குப் போகணும்."

காக்கா மூச்சை உள்ளே இழுத்துத் தொந்தியை ஒடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். முடியவில்லை. லாத்தா ஒதுங்கினார்கள்.

"லாத்தா வெளிய விழுந்துட்டாங்க."

வெல்டிங் அடிக்கிற பையன்கள் சிரித்துவிட்டார்கள். லாத்தாவும் சிரித்தார்கள். அதன்பிறகு அவர்களுக்குப் பேச்சு வந்துவிட்டது. "இந்த ஓவன் எதுக்கு? வீட்டுல இருக்கிற ஓவன்லயே நான் டப்பாதான் அடுக்கி வச்சிருக்கேன்" என்றார்கள். ஓவன் போயிற்று. "ரெண்டு பேரு துணிக்கு மெஷினா?" மெஷின் போயிற்று. "மேல கூடாரம் யாருக்கு?"

"பேரப்பிள்ளைகளுக்கு" என்றார் காக்கா.

"ஆறுமுகநேரி ரயில்வே கேட்டைத் தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுக்குற பிள்ளைங்களுக்கா?"

கூடாரமும் போயிற்று. அச்சு பிழைத்தது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். காக்கா முகம் கொஞ்சம் சுருங்கினாலும், மனைவி இவ்வளவு ஆர்வம் காட்டுகிறாரே என்று அவருக்கும் பெருமைதான். அப்போதுதான் லாத்தா கட்டில் பக்கம் வந்தார்கள்.

"பெரிய கட்டில் போட்டா நடக்க இடமில்ல. தனித்தனியா ரெண்டு சின்னக் கட்டில் போட்டுருங்க."

பட்டறையில் நாள் முழுவதும் கத்துகிற கிரைண்டர் சரியாக அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. எல்லோருக்கும் கேட்டுவிட்டது. காக்கா குனிந்து, சாரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். வெகுநேரம் தட்டினார். நிமிர்ந்து, "அவ சொல்லுத மாதிரியே போடுங்க" என்றார். வண்டியே வேண்டாம் என்கிறவரின் குரல் அது.

இந்த மாதிரி நேரத்தில் நமக்கு வாய் துறுதுறுக்கும். "இரட்டைக் கட்டில் அமைப்பில் நடுவில் நடைபாதை கிடைக்கும்" என்று விளக்கம் சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. நான் எல்லோருக்கும் டீ வரவழைத்தேன். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் வரவழைத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு போனும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

"கோடு போட்டுக் குடும்பத்தைப் பிரிச்சிட்டியே டீச்சரம்மா" என்றார் அண்ணாச்சி.

அண்ணாச்சியிடம் அப்போது ஒரு வண்டி விற்காமல் நின்றது. மதுரைக்காரர் ஒருவர் ஆசைப்பட்டுக் கட்டச் சொல்லி, முடிந்தபிறகு வேண்டாம் என்று விட்ட வண்டி. பின்பக்கம் அகலவாட்டில் சுவரோடு சுவராக ஒரு பெரிய கட்டில். கட்டிலை ஒட்டி இடப்பக்கம் துணி அலமாரி. அதற்கு எதிரே வலப்பக்கம் கழிப்பறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. இரண்டு கதவும் அந்தச் சந்துக்குள்தான் திறக்கும். அதை வரைந்தது நான் இல்லை. மதுரைக்காரரே வரைந்துகொண்டு வந்தார்.

"பெரிய கட்டில் இருக்குல்லா? கூப்பிட்டுக் காட்டுவோம். ஒருநாள் ஓட்டிப் பாக்கச் சொல்லுவோம். கட்டிலைப் பாத்தா காக்கா மனசு மாறிரும்" என்றார் அண்ணாச்சி. கட்டிலை வைத்துக் குடும்பத்தைச் சேர்க்கப் பார்க்கிறார் என்று புரிந்தது. புண்ணியமும் கிடைக்கும், வண்டியும் போகும்.

காக்கா வந்தார். லாத்தாவும் வந்தார்கள், வீட்டிலிருந்தே, அவர்கள் ஊர்க் கல்யாண விருந்தில் வைக்கிற களறிக் கறியும் சோறும் அடுக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு. காக்கா வேனை ஓட்ட, நானும் அண்ணாச்சியும் அண்ணாச்சி காரில் பின்னாலேயே போனோம். திருச்செந்தூர் தாண்டி, மணப்பாடு தாண்டி, பெரியதாழையில் ஊருக்கு வெளியே கடற்கரைப் பனைகளுக்குப் பக்கத்தில் காக்கா வண்டியை நிறுத்தினார். நல்ல இடம். ஆனால் ஒரு பக்கத்துச் சக்கரம் மணலில் இறங்கி, வண்டி கடலைப் பார்த்து லேசாகச் சாய்ந்து நின்றது.

"மட்டமா இல்லையே அண்ணாச்சி" என்றேன்.

"ஒரு தூக்கம் போடுறதுக்கு ரசமட்டம் வச்சா பாப்பாங்க? வா இங்கன" என்றார்.

சாப்பிட்டார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள். பிறகு இருவரும் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு மதியத் தூக்கத்துக்குப் படுத்தார்கள். நாங்கள் கொஞ்ச தூரத்தில் பனை நிழலில் பதநீர் விற்கிறவரிடம் போய் உட்கார்ந்தோம். அண்ணாச்சி இரண்டாவது ஓலைப் பட்டையை வாயில் வைக்கும்போது என் போன் அடித்தது.

"எஸ்தர்" என்று லாத்தா கிசுகிசுத்தார்கள். "நான் பாத்ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

"கதவு இறுகிருச்சா?"

"துறக்குது, ஆனா துறக்க மாட்டேங்குது. வெளிய என்னமோ கொக்கி போட்ட மாதிரி இருக்கு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வண்டி சாய்ந்து நின்றதால் அலமாரிக் கதவு தானாகத் திறந்து வந்திருக்கிறது. கழிப்பறைக் கதவின் கைப்பிடிக்குள் அதன் விளிம்பு மாட்டியிருக்கிறது. உள்ளேயிருந்து தள்ளத் தள்ள இன்னும் இறுகும். வெளியேயிருந்து ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் வேன் கதவோ உள்பக்கம் பூட்டியிருந்தது. சாவியும் உள்ளே. தட்டிவிடக்கூடிய ஒரே ஆள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"காக்காவைக் கூப்பிடுங்க லாத்தா."

"வேண்டாம்! எழுப்பாதே. தூங்குறாங்க."

"நாங்க வந்து வேன் கதவைத் தட்டுறோம்."

"தட்டினா போனை எடுக்க மாட்டேன் இனிமே."

ஓடினோம். அண்ணாச்சி வேகத்தில் கையை ஓங்கிக்கொண்டே போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முதலாளியின் சட்டையை நான் இழுத்தது பணிக்காலத்திலேயே அந்த ஒருமுறைதான்.

"ஏம்மா, உள்ள ஒரு பொம்பள மாட்டிக்கிட்டு இருக்காங்க. வெயிலு. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? கதவை உடைப்போம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. லாத்தாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. தகர வண்டி. உச்சி வெயில் இறங்கவில்லை.

கழிப்பறைக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல், நல்லவேளையாகக் கடல் பக்கம். அதைத் திறந்துவிடச் சொன்னேன். வலை காயப்போட்டிருந்த இடத்திலிருந்து ஒரு மீன் பெட்டியை இழுத்துக் கவிழ்த்துப்போட்டு ஏறினேன். லாத்தாவின் முகம் தெரிந்தது. கோப்பையின் மூடியை இறக்கிவிட்டு அதன்மேல் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்திருந்தார்கள். காற்று நேராக முகத்தில் அடித்தது.

"தலை சுத்துதா?"

"இல்ல."

"வியர்க்குதா? படபடப்பு?"

"எல்லாம் நல்லா இருக்கு. நீ சத்தம் போடாதே."

"லாத்தா, ஒரு ஒப்பந்தம். தலை சுத்துற மாதிரி இருந்துச்சுன்னா ஒரு வார்த்தை. அண்ணாச்சி அந்த நிமிசமே கதவை உடைச்சிருவாங்க. அதுவரைக்கும் காக்காவை எழுப்ப மாட்டோம்."

"சரி. குடிக்க என்ன இருக்கு?"

"பதநீர்தான் இருக்கு. உங்களுக்குச் சுகர்..."

"கொஞ்சமா குடு. அவங்ககிட்டச் சொல்லிராதே."

பாட்டிலில் ஊற்றி ஜன்னல் வழியாக நீட்டினேன். குடித்தார்கள். உதட்டைத் துடைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார்கள். அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார்கள்.

"ஊருக்கு வந்த நாள்ல இருந்து அவங்க தூங்கவே இல்ல எஸ்தர். அசையாமக் கிடப்பாங்க, நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டு. நானும் அசையாமக் கிடப்பேன், அவங்க தூங்கணுமேன்னு. விடிஞ்சதும் 'நல்லா தூங்குனியா'ன்னு கேப்பாங்க. 'நல்லா தூங்குனேன்'ம்பேன். 'நீங்க?' 'நல்ல தூக்கம்'பாங்க. ரெண்டு பேரு கண்ணும் மிளகாப்பழம் மாதிரி இருக்கும்."

"அதுக்குத்தான் ரெண்டு கட்டில் கேட்டீங்களா?"

"பின்ன? அவங்க தூங்கட்டும்னுதான். அவங்க அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலம் சாப்பிடவே இல்ல."

"இதை அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"முப்பது வருசம் போன்லதான் பேசினோம். நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா, பிள்ளைங்க நல்லா இருக்கா. நல்லா இல்லைங்கிறதை எப்படிச் சொல்லணும்னு ரெண்டு பேருக்குமே தெரியல." பாட்டிலை ஆட்டிப் பார்த்தார்கள். "இன்னைக்குப் படுத்த உடனே தூங்கிட்டாங்க. குறட்டை விட்டாங்க எஸ்தர்! அவங்க குறட்டை விடுவாங்கன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். நான் அதைக் கேட்டுக்கிட்டே கிடந்தேன். அப்புறம்தான் இங்கன எந்திரிச்சு வந்தேன். இவங்களைப் போயி எழுப்பச் சொல்லுதியே நீ!"

அந்த வழியாக வந்த மீனவர் ஒருவர் நின்று பார்த்தார். "என்னக்கா, வண்டிகூடப் பேசிக்கிட்டு நிக்கிய?"

"சர்வீஸ்" என்றேன்.

கீழே இறங்கி அண்ணாச்சியிடம் சொன்னேன். "சாய்ஞ்சதாலதான் அலமாரிக் கதவு திறந்துச்சு. சாய்ஞ்ச பக்கத்தை ஜாக்கி வச்சு உசத்துனா, வந்த வழியே திரும்பிப் போயிரும். பூட்டை உடைக்க வேண்டாம். வண்டி எழும்பணும், காக்கா எழும்பக் கூடாது."

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரிலிருந்து ஜாக்கியை எடுத்துவந்து மணலில் படுத்தார். மீனவர்கள் இரண்டு பேர், விவரம் கேட்டுச் சிரித்துவிட்டு, படகுக்கு அடியில் போடுகிற பலகையைக் கொண்டுவந்து ஜாக்கிக்குக் கீழே வைத்தார்கள். நான் மீன் பெட்டிமேல் நின்று, குறட்டை வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே கையைக் காட்டினேன். குறட்டை வந்தால் தூக்கலாம். நின்றால் நிறுத்த வேண்டும். நல்ல ஓசையான குறட்டை. அண்ணாச்சி திருகத் திருக வண்டி மயிரிழை மயிரிழையாக நிமிர்ந்தது. ஒரு கட்டத்தில் உள்ளே 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"துறந்துருச்சு!" என்று ஜன்னலில் லாத்தாவின் குரல் வந்தது. காலிப் பாட்டில் என் கைக்கு வந்தது.

மணலில் மல்லாந்து கிடந்த அண்ணாச்சி அப்படியே கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

காக்கா சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் வெளியே வந்தார். முகம் கழுவி, சட்டை மாற்றி, சோம்பல் முறித்து, கடலைப் பார்த்தார். "அருமையான தூக்கம். அண்ணாச்சி, வேற வண்டி கட்ட வேண்டாம். இதையே எடுத்துக்கிடுதேன்" என்றார்.

பின்னால் நின்ற லாத்தா, "எனக்கும் சரி" என்றார்கள்.

அண்ணாச்சியின் முதுகு முழுக்க மணல், முகம் முழுக்கச் சிரிப்பு. நான் என்ன செய்ய வேண்டும்? வாங்குகிறவர் சரி என்கிறார். அவர் மனைவி சரி என்கிறார். விற்கிறவர் என் முதலாளி. நடந்ததைச் சொல்லக் கூடாது என்று லாத்தா கண்ணாலேயே கெஞ்சுகிறார்கள். ஆனால் அந்தக் கதவு மறுபடி மாட்டும். அடுத்த தடவை மீன் பெட்டி போட்டு ஏற நான் இருக்க மாட்டேன்.

உண்மையைச் சொல்ல முடியாதபோது கேள்வி கேளுங்கள். "காக்கா, வீட்டுல வராத தூக்கம் இங்கன எப்படி வந்துச்சு?" என்றேன். வீட்டில் தூக்கம் வரவில்லை என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நல்லவேளை, அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"முதுகுக்குச் சுவர் இருந்துச்சு தங்கச்சி" என்றார். "குவைத்து ரூமுல எனக்கு மூலைக் கட்டில். முதுகுக்குச் சுவரு, முன்னால திரையா ஒரு துணி. அப்படியே பழகிருச்சு. அங்க வீட்டுல கட்டிலு நடு ரூமுல மைதானம் மாதிரி கிடக்கு. எந்தப் பக்கம் புரண்டாலும் வெட்டவெளி."

"அப்ப லாத்தாவுக்கு?"

"அவளுக்கு என்ன?"

"சுவர் உங்க பக்கம்தானே? அவங்க விளிம்புல தொங்கிக்கிட்டு இருந்திருப்பாங்களே. ஆளுக்கொரு சுவர் வேண்டாமா காக்கா?"

கீழே கிடந்த ஒரு பனை மட்டையை எடுத்து மணலில் வரைந்தேன். வலப்பக்கச் சுவரை ஒட்டி நீளவாக்கில் ஒரு படுக்கை, இடப்பக்கச் சுவரை ஒட்டி இன்னொன்று. ஆளுக்கொரு சுவர், ஆளுக்கொரு ஜன்னல், யாரும் யாரையும் தாண்டாமல் எழுந்து போக நடுவில் வழி. அந்த வழிக்கு மேலே ஒரு பலகை. இழுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே கட்டில். தள்ளினால் மறுபடி வழி. "தனிக் கட்டில்" என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. கழிப்பறைக்கு இழுவைக் கதவு. "திறக்குற கதவு ரெண்டு எதிரெதிரா இருந்தா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் இடிக்கும் காக்கா. இந்த வண்டியில அது இருக்கு. உங்களுக்கு வேண்டாம்" என்றேன்.

அண்ணாச்சி இருமினார். பலமாக இருமினார்.

காக்கா மணலில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு லாத்தாவிடம், "உனக்கு எந்தச் சுவரு?" என்று கேட்டார்.

லாத்தா இந்த முறை "அவங்க இஷ்டம்" என்று சொல்லவில்லை. "கடல் பக்கம்" என்றார்கள்.

"வண்டி திரும்பி நின்னா கடலும் மாறிருமே?"

"அப்ப நீங்க மாறிப் படுங்க."

திரும்பி வரும்போது திருச்செந்தூரில் அண்ணாச்சி, "கைக்கு வந்த வியாபாரத்தை மணல்ல வரைஞ்சு கெடுத்தவ நீ ஒருத்திதான் டீச்சரம்மா" என்றார். உடன்குடிக் கருப்பட்டி வாங்குவதற்காக வண்டியை நிறுத்தினார். எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். அந்த மதுரை வண்டியின் அலமாரிக் கதவைக் கழற்றித் திரை போட்டோம். பிறகு அது நல்லபடியாக வேறொருவரிடம் போயிற்று.

காக்காவின் வண்டியை நாங்கள் ரசித்துக் கட்டினோம். உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத திருகாணி, கூரையில் ஒரு விசிறி, இரண்டு பர்னர் அடுப்பு, குடைக்கும் செருப்புக்கும் வாசலில் ஒரு பெட்டி. எழும்பி வருகிற டி.வி. மட்டும் காக்காவுக்காக வைத்தேன். எல்லா ஆசையையும் வெட்டிவிட்டால் அது அவர் வீடாக இருக்காதே. பட்டனை அமுக்கி அமுக்கி அவர் அதை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பட்டறைப் பையன்களுக்கு நான் ஜாக்கிக் கதையை ஊரையும் ஆளையும் மறைத்துப் பல தடவை சொல்லியிருந்தேன். நெருக்கடியில் பதறாமல் காரணத்தைப் பார்க்க வேண்டும், சாய்வு காரணம் என்றால் சாய்வைச் சரிசெய்தால் போதும் என்று. நல்ல பாடம். சொல்லும்போது எனக்கே புல்லரிக்கும்.

வண்டியை எடுக்க வந்த அன்று லாத்தா உள்ளே ஏறி, இழுவைக் கதவை மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காக்கா என்னை வண்டிக்குப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். அவளுக்குத் தெரிய வேண்டாம். அன்னைக்குப் பெரியதாழையில கதவைத் துறந்தது உங்க ஜாக்கி இல்ல."

"பின்ன?"

"என் கால் பெருவிரல்."

நான் குனிந்து அவர் காலைப் பார்த்தேன்.

"நீங்க மீன் பெட்டியைத் தரதரன்னு இழுத்தீங்கள்லா, அப்பவே முழிச்சிட்டேன். எந்திரிச்சுக் கதவைத் தள்ளிவிடலாம்னு நெனைச்சேன். அதுக்குள்ள அவ பேச ஆரம்பிச்சிட்டா. அவ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல தங்கச்சி. நடுவுல எந்திரிச்சா நிறுத்திருவா. முடிக்கட்டும்னு கிடந்தேன். அப்புறம் நீங்க வண்டியைத் தொட்டில் மாதிரி ஆட்டுனீங்க. அந்த அலமாரிக் கதவு இம்மிகூட அசையல. கீழ அண்ணாச்சி மூச்சு வாங்குறது கேட்டுச்சு, பாவமா இருந்துச்சு. உருண்டு வந்து, காலை நீட்டி ஒரு தள்ளு."

"அப்ப அந்தக் குறட்டை?"

"முன்னால விட்டது நெசம்." கொஞ்சம் யோசித்தார். "பின்னால விட்டது கொஞ்சம் கூடிப்போச்சோ?"

"அதுக்கப்புறம் இதே வண்டி போதும்னு சொன்னீங்களே?"

"நான் அதுல தூங்குனதுக்கு அவ அவ்வளவு சந்தோசப்பட்டாளே. அதையே வாங்கிருவோம்னு தோணிச்சு. நீங்கதான் சுவரு கிவருன்னு குறுக்க வந்தீங்க." சிரித்தார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "பதநீர் எவ்வளவு குடிச்சா?" என்றார்.

"ஒரு பாட்டில்."

"நான் ரெண்டுன்னு நெனைச்சேன்."

அண்ணாச்சி, நீங்கள் இதைப் படிக்கும்போதுதான் இது உங்களுக்குத் தெரியவரும். நீங்கள் மணலில் படுத்தது வீண் இல்லை. நீங்கள் மூச்சு வாங்கியிருக்காவிட்டால் காக்கா காலை நீட்டியிருக்க மாட்டார்.

வண்டிக்குள்ளிருந்து லாத்தா தலையை நீட்டினார்கள். "என்னங்க, அங்கன என்ன ரகசியம் பேசுறீங்க ரெண்டு பேரும்?"

"டயருல காத்து சரியா இருக்கான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் காக்கா.

நான் குனிந்து டயரை இரண்டு தட்டுத் தட்டினேன். "நல்லா இருக்கு லாத்தா" என்றேன்.